திரிப்போலி கண்காட்சித் திடல்: அரை நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: வேலையாக பெய்ரூட் போகிறேன், ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். பிரேசில் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமெயர் வடிவமைத்து பாதியில் நின்றுபோன, வடக்கு லெபனானின் திரிப்போலி கண்காட்சித் திடலைப் பார்க்க ஆசை. 65 வயது அம்மாவும் உடன் வருகிறார். கட்டடங்களுக்குள் விடுவார்களா? எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: அரை நாள் போதும், ஆனால் அது காலையாக இருக்கட்டும். பெய்ரூட்டிலிருந்து சுமார் 85 கி.மீ. வேனில் போனால் திரிப்போலியின் தல் சதுக்கத்தில் இறங்கி டாக்ஸி பிடியுங்கள். 'மஅரத்' (அரபியில் கண்காட்சி) என்றாலே புரிந்துகொள்வார்கள்.

திடல் ஏறத்தாழ 70 ஹெக்டேர். முழுவதையும் சுற்ற நினைத்தால் அம்மாவுக்குக் கால் வலிதான் மிஞ்சும். வளைந்த பெரும் பந்தல் மட்டுமே 750 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் இல்லை. அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மற்றவற்றைப் பார்த்து வரலாம். பிறகு கூர்வளைவுகள் சூழ்ந்த லெபனான் மண்டபம், பெரிய வளைவின் பக்கமுள்ள திறந்தவெளி அரங்கு, கடைசியாக குவிமாடம். நடுவே உள்ள புல்வெளியையும் மரங்களையும் வெறும் இடைவெளி என்று நினைத்துவிடாதீர்கள். தள்ளி நின்று பார்க்கும்போதுதான் ஒவ்வொரு வடிவமும் தனித்துத் தெரியும். குளங்களில் தண்ணீர் இருக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

குவிமாடம் சோதனை நாடக அரங்காகத் திட்டமிடப்பட்டது. திறந்திருந்தால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ஒலியை உறிஞ்ச எதுவுமில்லாத வெறும் கான்கிரீட் என்பதால், வளைந்த சுவரில் பட்டு ஓசை திரும்பத் திரும்ப வரும். ஆனால் உட்புறங்கள் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. முந்தைய நாளே நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். நிகழ்ச்சி நாட்களில் நடைமுறை மாறும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ராணுவ அனுமதி இல்லாமல் ட்ரோன் வேண்டாம்.

உண்மையான ஆபத்து விளிம்புகளில்தான். 1975இல் உள்நாட்டுப் போரால் பணி நின்றதால் பல இடங்களில் கைப்பிடியே வைக்கவில்லை. சில தளங்களில் மூடாத துளைகளும் உண்டு. போன் திரையைப் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள். மேலேயும் ஒரு கண் வேண்டும். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது; துருவேறிய கம்பி பருத்து, மேல்பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. பழுப்புக் கறையும் விரிசலும் தெரியும் கூரைக்கு அடியில் நிற்காதீர்கள். 2023இல் யுனெஸ்கோ இத்திடலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்ததற்கு இந்தச் சிதைவும் ஒரு காரணம்.

நடப்பதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். தடித்த அடியுள்ள ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. கிளம்பும் அன்று வடக்கு லெபனான் பயண எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். திரும்பும் வேனை இருட்டும் முன் பிடித்துவிடுங்கள்.