அண்ணன் வளர்ந்தால் ஆண்டை ஆவானா?

வளர்ந்து வரும் பிராந்திய வல்லரசுகள் நாளை பழைய ஏகாதிபத்தியங்களைப் போலவே நடந்துகொள்ளுமா என்று பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அடிமைப்பட்ட வலி தெரிந்த நாடு, அதையே அடுத்தவனுக்குச் செய்யுமா?

பதில்: செய்திருக்கிறதே. 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வாசலில் வந்து நின்று "கதவைத் திற" என்றபோது அரண்டுபோன நாடு ஜப்பான். 1876இல் அதே வித்தையைக் கொரியாவிடம் காட்டி ஒப்பந்தம் எழுதி வாங்கியது. 1910இல் கொரியாவையே விழுங்கியது. டச்சுக்காரர்களோடு போராடி விடுதலை பெற்ற இந்தோனேசியா, 1975இல் கிழக்குத் திமோருக்குள் படையோடு நுழைந்தது. வெளியேற 24 ஆண்டுகள் ஆயின. வலி தெரிந்தால் இரக்கம் வரும் என்பதெல்லாம் நம் ஆசை.

கேள்வி: அமெரிக்காவும் முதலில் பிராந்திய சக்திதானே?

பதில்: ஆமாம். 1823இல் அதிபர் மன்றோ, "ஐரோப்பியர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றார். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. 1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்ததும் பிலிப்பைன்ஸ், குவாம், போர்ட்டோரிகோ எல்லாம் கைக்கு வந்தன. கியூபாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது, ஆனால் 1903இல் அங்குள்ள குவாண்டனாமோ விரிகுடா அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்காகக் குத்தகைக்குப் போனது. இன்றும் அமெரிக்கா ஆண்டு வாடகையாக 4,085 டாலருக்குச் செக் அனுப்புகிறது. கியூபாவின் தலைவராக இருந்த ஃபிடல் காஸ்ட்ரோ, முதல் ஒன்றைத் தவிர, அவற்றை மாற்றாமல் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலோ, குடியிருப்பவரே காலி செய்தாலோதான் குத்தகை முடியும். இப்படி ஒரு வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

கேள்வி: சீனா கடனைக் கொடுத்தே நாடுகளைப் பிடிக்கிறதாமே? இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம்?

பதில்: பாதி உண்மை. 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, சுமார் 112 கோடி டாலர், சரி. ஆனால் அந்தப் பணத்தில் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, இலங்கையின் டாலர் கையிருப்புக்குத்தான் உதவியது. பறித்தார்கள் என்பதைவிட, தட்டுப்பாட்டில் இருந்தவரிடம் பேரம் பேசினார்கள் என்பதே பொருத்தம். 99 என்ற எண்ணைப் பார்த்ததும், சீனாவிடமிருந்து பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய ஹாங்காங் பகுதி ஞாபகம் வருவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

கேள்வி: இந்தியா?

பதில்: 2015இல் இந்திய எல்லையில் லாரிகள் நின்று, எரிவாயு இல்லாமல் அவதிப்பட்ட நேபாளிகளைக் கேளுங்கள். முற்றுகை எதுவும் இல்லை என்றது டெல்லி. காத்மாண்டு நம்பவில்லை.

கேள்வி: பிரேசில் யாரையும் மிரட்டியதில்லையே?

பதில்: பராகுவேக்காரர் சிரிப்பார். 1973 ஒப்பந்தப்படி, இரு நாட்டு எல்லை ஆற்றில் உள்ள இதைப்பு (Itaipu) அணையின் மின்சாரம் ஆளுக்குப் பாதி. சின்ன நாடான பராகுவேயால் தன் பங்கு முழுவதையும் செலவழிக்க முடியவில்லை. மிச்சத்தைப் பிரேசிலுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் சந்தை விலைக்கு இல்லை. பல வருஷம் முணுமுணுத்த பிறகு, 2009இல் அந்த மிச்ச மின்சாரத்துக்குத் தரும் தொகையை மும்மடங்காக்க பிரேசில் சம்மதித்தது. டிராயரில் தூங்கும் அந்தச் செக்கோடு ஒப்பிட்டால், இங்கே பேசியாவது ஏற்ற முடிந்திருக்கிறது.