வேட்டை நாய்ப் போட்டி: பொழுதுபோக்கா, தொழிலா?

கேள்வி: நாங்கள் கென்டக்கியில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் ஐடி வேலை பார்க்கிறார். அலுவலக நண்பர் ஒருவர் பழக்கிவிட்டதில், கூன்ஹவுண்ட் என்ற வேட்டை நாய் வாங்கி இரவுப் போட்டிகளுக்குப் போய் வருகிறார். போன வருடம் 1,800 டாலர் பரிசு கிடைத்தது. தீனி, மருத்துவம், ஜிபிஎஸ் பட்டை, பெட்ரோல், நுழைவுக் கட்டணம் என்று செலவு 11,000 டாலரைத் தாண்டியது. 'பிசினஸ் என்று ஷெட்யூல் சி-யில் (தொழில் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவம்) காட்டினால் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம்' என்கிறார் நண்பர். செய்யலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி. வரிக் கணக்கு மட்டும் காரணமில்லை. அதைவிடப் பெரிய காரணம் உங்கள் விசா. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் போட்டியை அறியாத வாசகர்களுக்காக: இரவில் காட்டுக்குள் பெரும்பாலும் நான்கு நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். மரமேறும் சிறு விலங்கான ரக்கூனை மோப்பம் பிடித்து முதலில் குரைத்தது எது, அதை மரத்தில் ஏற்றி நிறுத்தியது எது என்று இருட்டில் குரலை வைத்தே சொந்தக்காரர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் புள்ளி ஏறும், தவறினால் இறங்கும். ரக்கூனைச் சுடுவதில்லை. தன் நாயின் குரலை அவ்வளவு துல்லியமாக அறிந்திருக்க எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும்! உங்கள் கணவரின் ஈடுபாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் வருமான வரித்துறை ஈடுபாட்டைப் பார்ப்பதில்லை, லாப நோக்கம் உண்டா என்று பார்க்கிறது. வரிச் சட்டத்தின் 183-வது பிரிவு இதற்குத்தான். 5 வருடத்தில் 3 வருடம் லாபம் காட்டினால் தொழில் என்றே எடுத்துக்கொள்வார்கள். குதிரைக்கு 7 வருடத்தில் 2 வருடம் போதும். நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. லாபம் வராவிட்டால் தொழில் இல்லை என்று உடனே முடிவாகிவிடாது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, தேர்ந்தவர்களிடம் ஆலோசனை கேட்டாரா, நஷ்டம் வந்ததும் முறையை மாற்றினாரா, வேறு பெரிய சம்பளம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ரசித்துச் செய்வது மட்டுமே குற்றமாகிவிடாது.

இந்தத் துறையில் நிஜமாகத் தொழில் செய்பவர்களைப் பாருங்கள். அவர்கள் பரிசுப் பணத்தை நம்பி வாழ்வதில்லை. பட்டம் வென்ற ஆண் நாயை இனச்சேர்க்கைக்கு விட்டுக் கட்டணம் வாங்குவார்கள், குட்டி விற்பார்கள், பிறர் நாய்களுக்குப் பயிற்சி தருவார்கள். போட்டி அவர்களுக்கு விளம்பரம். உங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பரிசுத் தொகை, மாதச் சம்பளம். இது பொழுதுபோக்குதான்.

பொழுதுபோக்கு என்றால் 1,800 டாலரை இதர வருமானமாகக் காட்டியே ஆக வேண்டும். செலவைக் கழிக்க முடியாது. 2018 முதல் அந்த வழி மூடியாயிற்று, 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆறுதலாக, இந்தப் பணத்துக்கு 15.3 சதவீதச் சுயதொழில் வரி கிடையாது.

இப்போது விசா. எச்-1பி-யில் இருப்பவர், விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ஷெட்யூல் சி-யில் நஷ்டத்தைக் கழிப்பதென்றால், 'நானே முனைந்து நடத்தும் தொழில் இது' என்று கையெழுத்துப் போட்டுத் தருவதாக அர்த்தம். நாளை கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பழைய வரிக் கணக்குகளைக் கேட்டால், அனுமதியில்லாமல் வேலை செய்ததற்கு அதுவே சாட்சியாகலாம். சில ஆயிரம் டாலர் மிச்சம் பிடிக்கப் போய், குடும்பமே இங்கே இருப்பதற்கு வேட்டு வைத்துக்கொள்வானேன்? அந்த நண்பர் குடியுரிமை உள்ளவராக இருக்கலாம். அவருக்கு இந்தக் கவலையே வந்திருக்காது.

இனச்சேர்க்கைக் கட்டணம், குட்டி விற்பனை என்று யாராவது கேட்டு வந்தால், ஒரு டாலர் வாங்கும் முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்களுக்கு எச்-4 (எச்-1பி-காரரின் துணைக்கான விசா) வேலை அனுமதி இருந்தால் உங்கள் பெயரில் தொடங்கலாமா என்றும் அவரிடம் கேளுங்கள். ஆனால் பெயர் உங்களுடையது, உழைப்பு அவருடையது என்றால் அது செல்லாது. அப்புறம், ஏற்கெனவே ஷெட்யூல் சி அனுப்பியிருந்தால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அந்த வழக்கறிஞரையும் வரிக் கணக்காளரையும் சேர்த்துக் கேட்டு, அதன் பிறகு திருத்திய ரிட்டர்ன் அனுப்புங்கள்.