பூட்ஸ் இல்லாததால்தான் போகவில்லையா? இந்திய கால்பந்து அணி பற்றி வந்த கேள்விகள்

தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் நங்கூரம் போட்டுவிட்டால், பாம்பனிலிருந்து தொண்டி வரை மாலை நாலு மணிக்கு மேல் எந்தத் திடலும் சும்மா கிடக்காது. போன வாரம் ஒரு செவன்ஸ் மேட்ச்சுக்கு விசில் ஊதிவிட்டுப் பையன்களோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன், இந்திய அணியின் பழைய கதை ஒன்று வாக்குவாதமாகிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினால் ஒன்றும் புரியாது, கேட்க வேண்டியதை எழுதி அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன், அதற்கு முன்னால் லெஃப்ட் பேக் ஆடியவன், அவ்வளவுதான் என் தகுதி. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

தங்கச்சிமடம் தம்பி ஒருவர்: சார், 1950 உலகக்கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும், பூட்ஸ் போட மாட்டோம் என்றதால் சேர்க்கவில்லையாமே?

டீக்கடைச் சண்டையே இதுதான். முதலில் அந்தத் "தகுதி பெற்ற" கதையைச் சொல்லிவிடுகிறேன். நம்மோடு தகுதிச் சுற்றில் இருந்தவை பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். மூன்றும் விலகிவிட்டன. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நமக்கு இடம் கிடைத்தது. பிரேசிலில் இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம்மைப் போட்டார்கள்.

அப்புறம் நாம் போகவில்லை. அகில இந்திய கால்பந்து சங்கம் அப்போது சொன்ன காரணங்கள் பயிற்சிக்கு நேரம் போதாது, அணித் தேர்வில் இழுபறி, நெடுந்தூரப் பயணம், செலவு. செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பதாகப் பிரேசில்காரர்கள் சொல்லியும் போகவில்லை. கப்பல் பயணத்தை ஒரு காரணமாகச் சொல்பவர்களுக்கு ஒன்று: முந்தைய வருடம் அவர்கள் நாட்டு டொரினோ கிளப் அணி மொத்தமும் விமான விபத்தில் போனதால் இத்தாலிக்காரர்களும் அங்கே கப்பலில்தான் போனார்கள். என் கணக்கில் உண்மையான காரணம், உலகக்கோப்பை என்றால் என்ன என்பதே அன்றைக்கு இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அதுவரை மூன்று முறைதான் நடந்திருந்தது, நடுவில் போர். நம்மவர்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாம்.

பூட்ஸ் கதை பொருந்தாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்களில் பலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். இரண்டு வருடம் முன்பு வெறுங்கால்தான் தடை என்றால் அங்கே எப்படி விட்டார்கள்? கேப்டனாகப் போயிருக்க வேண்டிய சைலன் மன்னாவே பிற்காலத்தில் அந்தக் கதையை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதை நிற்கவில்லை பாருங்கள். "நாங்கள் ஏழை, வெறுங்கால், வெள்ளைக்காரன் விடவில்லை" என்று சொல்லிக்கொள்வது, "கூப்பிட்டார்கள், நாங்கள் போகவில்லை" என்று சொல்வதைவிடச் சுகமாக இருக்கிறது.

ஏர்வாடியிலிருந்து: வெறுங்காலில் எப்படி ஒலிம்பிக் ஆடினார்கள்? பூட்ஸ்காரன் மிதித்தால் விரல் போயிடாதா?

போகும். எனக்குப் பெருவிரல் நகம் இரண்டு தடவை போயிருக்கிறது. நம் பக்கம் பூட்ஸ்காரனைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் காடாக நிற்கும், பந்து எடுக்கப் போனவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வருவான், ஒருவன் ஊக்கால் முள்ளைத் தோண்ட, ஆட்டம் அதுவரை நிற்கும்.

ஆனால் வெறுங்காலுக்கு ஒரு சுகம் உண்டு, அது பூட்ஸ் போட்டே வளர்ந்தவனுக்குத் தெரியாது. மாவட்டத் தேர்வுக்கு நான் முதல் முறை போனபோது கூட ஆடுபவனின் பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு சைஸ் பெரியது, முன்னால் பேப்பர் திணித்தேன். பந்து காலில் பட்டது காதில்தான் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு ஆடினேன், என் பக்கமாகவே இரண்டு கோல் போனது. இடைவேளையில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் ரெஃப்ரி உள்ளே விடவில்லை. அதோடு முடிந்தது என் தேர்வு. அன்றிலிருந்து 1948 லண்டன் ஒலிம்பிக் ஆட்களை நினைத்தால் எனக்குப் பரிதாபம் வருவதில்லை. பழகிய காலோடு ஆடினார்கள், அவ்வளவுதான்.

சும்மா ஆடவில்லை, நன்றாகவே ஆடினார்கள். 1948 ஜூலை 31, லண்டன் அருகே இல்ஃபோர்டு, எதிரே பிரான்ஸ். கேப்டன் தாலிமெரன் ஆவ், நாகா இனத்தவர். நம் பக்கம் பெரும்பாலானவர்கள் வெறுங்கால், சிலர் பூட்ஸ். இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டையும் விட்டோம். ஒன்றை அடித்தவர் மன்னா, இன்னொன்று மகாபீர் பிரசாத். 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் அடித்து 2-1. பெனால்டியில் ஒன்று போயிருந்தால் கதை வேறு. பெனால்டியை விட்டதற்கும் வெறுங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

ஹெல்சிங்கி வேறு மாதிரி. யூகோஸ்லாவியாவிடம் 10-1. அந்த ஒன்றை அடித்தவர் அகமது கான். அதற்குப் பிறகுதான் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

மண்டபம்: 1911இல் வெள்ளைக்காரனைத் தோற்கடித்தது இந்திய அணிதானே?

இல்லை, அது கல்கத்தாவின் மோகன் பகான் கிளப். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1. அகில இந்திய சங்கம் பிறந்ததே 1937இல்தான்.

பரமக்குடியிலிருந்து ஒருவர்: நாம் உண்மையிலேயே பெரிய அணியாக இருந்தோமா, சும்மா பெருமைக்குச் சொல்கிறீர்களா?

இருந்தோம். 1951இலிருந்து 1962 வரை என்று கோடு போடலாம். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே ஆள் நிற்கிறார், இந்திய அணியின் கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் பள்ளி ஆசிரியர், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தவர். என் சாதிக்காரர், அதாவது வாத்தியார் சாதி.

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0, மேவாலால் கோல், தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இதைச் சொன்னால் "ஹங்கேரி வரவில்லை, சும்மா கிடைத்தது" என்று ஒருவன் கிளம்புவான். முதல் சுற்று அப்படிக் கிடைத்தது வாஸ்தவம். ஆனால் அடுத்து சொந்த மண்ணில் நின்ற ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தது யார்? நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கல ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்றோம். நான்கு வருடம் முன்பு 10-1 என்ற எதிரியிடம் 4-1 என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான். ஆரம்பமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 அடித்தோம். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங் தலை கிழிந்து தையல் போட்டார்கள். அவர் ஆசியாவின் பெரிய டிஃபென்டர், தலையில் கட்டோடு பின்னால் நின்று பந்தை முட்ட முடியாது. வேறு கோச்சாக இருந்தால் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னால் ஃபார்வர்டாக அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். இறுதியில் மறுபடி அதே தென் கொரியா. அந்த முறை இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விடவில்லை, அதை நம் பிரதிநிதி எதிர்த்துப் பேசியதால் ஊரே நம் மேல் கொதித்துக்கொண்டிருந்தது, அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் எதிராகக் கத்தினார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1 என்று ஜெயித்தோம். கேப்டன் சுனி கோஸ்வாமி.

ரஹீமுக்கு அப்போது நுரையீரல் புற்றுநோய். மறு வருடம் ஜூனில் போய்விட்டார்.

உச்சிப்புளி: தமிழ் ஆட்கள் யாரும் இல்லையா அண்ணே?

அந்த ஜகார்த்தா இறுதியில் கோல் காத்தது பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத் பக்கம் வளர்ந்தவர், வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1955இல் டூரண்ட் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். ஆரம்பத்தில் ஃபார்வர்ட் ஆடியவர் என்பது கூடுதல் செய்தி, கோலியாக நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் சைமன் சுந்தர்ராஜ், தஞ்சாவூர்க்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல். ஆட்டம் 3-1 தோல்வி. ஆனால் ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி அடித்த கடைசி கோல் அதுதான், ஏனென்றால் அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக் கால்பந்துக்குப் போகவே இல்லை. இப்போதைய ஆட்களில் நம் பக்கத்து ஊர்க்காரர் வேண்டுமென்றால் காரைக்குடியை ஒட்டிய கண்டனூர் சிவசக்தி நாராயணன். 2022 டூரண்ட் இறுதியில் பெங்களூருக்காக முதல் கோல் அடித்த பையன்.

கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர்: மலேசியாவில் இருந்தபோது ஆறுமுகம் என்று ஒரு கோலி பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா?

உண்மை காக்கா. ஆர். ஆறுமுகம், மலேசிய தேசிய அணியின் கோலி, நீளக் கைக்காக "ஸ்பைடர்மேன்" என்று கூப்பிடுவார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தென் கொரியாவை 2-1 அடித்துத் தகுதி பெற்றது, புறக்கணிப்பில் சேர்ந்ததால் போகவில்லை. 1988இல் கார் விபத்தில் இறந்தார். நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒரு "போகவில்லை" இருக்கிறது, ஆனால் அது ஆடிச் சம்பாதித்த இடம்.

ராமேஸ்வரம்: இலங்கையிடம் தோற்றிருக்கிறோமா?

1995 தெற்காசியப் போட்டி இறுதியில், கொழும்பிலேயே, கூடுதல் நேரத்தில் 1-0. தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய்க்கொண்டிருந்த காலத்தில் நிலைமை வேறு. 1952இலிருந்து 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நாலும் கொழும்புக் கோப்பை ஆடின. நான்கு முறையும் நாமே வென்றோம், முதல் முறை மட்டும் பாகிஸ்தானோடு பங்கு.

பல பேர்: 1962க்கு அப்புறம் ஏன் விழுந்தோம்? கிரிக்கெட்தானே காரணம்?

கிரிக்கெட் மேல் பழி போடுவதும் பூட்ஸ் கதை மாதிரிதான். நாம் 1983இல் உலகக்கோப்பை கிரிக்கெட் வெல்வதற்கு முன்னாலேயே கால்பந்து சரிந்துவிட்டது. உடனே விழவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை 1-0 அடித்து வெண்கலம். ஆசிய விளையாட்டில் அதுதான் கடைசிப் பதக்கம்.

எனக்குத் தெரிந்து மிகச் சாதாரணமான ஒரு காரணம்: வெளியே எல்லோரும் 90 நிமிடம் ஆடியபோது நம் கல்கத்தா லீக் 70 நிமிடம்தான் ஆடிக்கொண்டிருந்தது. எழுபதுகள் வரை அப்படியே போயிற்று. எழுபதுக்குப் பழகின நுரையீரல் எண்பதாவது நிமிடத்தில் என்ன செய்யும்? அதே நேரத்தில் ஜப்பான் ஜெர்மனியிலிருந்து கோச் கொண்டுவந்து 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிவிட்டது. நமக்கு நாடு முழுக்க ஒரு லீக் வந்ததே 1996இல். இன்னொன்று, 1950இல் விட்ட உலகக்கோப்பைக்கு முதல் தகுதிச் சுற்று ஆட்டம் ஆடியது 1985இல். முப்பத்தைந்து வருடம்! வீட்டுப் பையன் ஒரு வருடம் பரீட்சை எழுதாமல் இருந்தால் விடுவோமா?

தொண்டி: ஃபிஃபா ரேங்க்கில் நம் நல்ல இடம் எது?

94, 1996 பிப்ரவரி. மோசமானது 173, 2015இல்.

பனைக்குளம்: நம் ஃபார்வர்டுகளில் யார் பெரியவர், சேத்ரியா, பூட்டியாவா, ஐ.எம். விஜயனா?

கோல் கணக்குப் பார்த்தால் பேச்சே இல்லை, சேத்ரி. 2024 ஜூனில் குவைத்தோடு கடைசி ஆட்டம் என்று விடைபெற்றபோது 94 கோல். மறு வருடம் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், மாலத்தீவுக்கு எதிராக இன்னொன்று போட்டார். அவருக்குச் சந்தோஷம், நமக்கு வெட்கம். நாற்பது வயதுக்காரரைத் தேடிப் போகும் நிலையில் முன்வரிசை இருந்தது. கண்ணுக்கு அழகு என்றால் விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். பூட்டியா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்.

ஒரு தங்கச்சி, ஊர் சொல்லவில்லை: பெண்கள் அணியைப் பற்றி ஒரு வரியாவது சொல்வீர்களா?

கேட்டதற்கு நன்றிம்மா, நாற்பது கேள்வியில் இது ஒன்றுதான். ஆசியப் பெண்கள் போட்டியில் 1980 கோழிக்கோட்டிலும் 1983 தாய்லாந்திலும் இறுதிவரை போனோம். பிறகு நீண்ட இருட்டு. 2025 ஜூலையில் தாய்லாந்து மண்ணிலேயே தாய்லாந்தை 2-1 அடித்து, சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல், 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று ஆடி ஜெயித்தே இடம் பிடித்தார்கள். நம் கடற்கரை ஆள் வேண்டுமென்றால் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், போலீஸ் எஸ்.ஐ. வேறு.

தேவிபட்டினம் அம்மா ஒருவர்: பையனுக்குப் பதினோரு வயது, கடற்கரையில் வெறுங்காலோடு ஆடுகிறான். பூட்ஸ் வாங்கவா?

கடல் மணலில் ஆடினால் வேண்டாம், கால் நன்றாக வலுவாகும். கட்டாந்தரையில் ஆடினால் வாங்குங்கள், இரும்பு ஸ்டட் வேண்டாம், ரப்பர் ஸ்டட் போதும். வளர்ற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக மட்டும் வாங்கிவிடாதீர்கள், பேப்பர் திணித்த கதையை மேலே சொல்லியிருக்கிறேன். முதல் பத்து நாள் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இறுதி ஆட்டம், அவனை அழைத்து வாருங்கள். கச்சான் காற்று அடித்தால் இரண்டாம் பாதியில் பந்து நேரே கடலுக்குத்தான் போகும், எடுத்துப்போட ஆள் வேண்டும்.