பதினைந்து மா நஞ்சையும் இருநூறு மணி நேரமும்

வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் எழுதுபவர், இருபத்தாறு ஆண்டுகள் விமானப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது திருவையாற்றுக்கு அருகே வசிப்பவர்.

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். விமானி ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். மொத்தச் செலவு ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். எங்களுக்குப் பதினைந்து மா (சுமார் ஐந்து ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. விற்றுக் கட்டிவிடலாமா? – ஒரு தாய், மன்னார்குடி

அம்மா, நிலத்தை இப்போது விற்காதீர்கள். மகனின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன.

முதலில் உடல் பரிசோதனை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன்பின் முதல் வகுப்புச் சான்று. பயணிகள் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். பெங்களூரில் விமானப் படையின் வான்மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் அந்தப் பரிசோதனை நடக்கிறது. கண்ணாடி போடுகிறவன் என்பதற்காக யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். நான் அறிந்த ஒரு பையனுக்கு அந்த எண் தெரியவில்லை. அதற்கு முன்பே அவன் சேர்ந்த விமானப் பயிற்சிப் பள்ளி முதல் தவணையை வாங்கியிருந்தது. அவன் தந்தை அந்தப் பணத்துக்காக ஒன்றரை ஆண்டு அலைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சில ஆயிரம் ரூபாயில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்கிறானா என்று பாருங்கள். வணிகவியல் படித்தவன் என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம்.

மூன்றாவது, எழுத்துத் தேர்வுகள். வழிகாணல், வானிலையியல், விமான விதிமுறைகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றுக்குப் படிக்க விமானம் வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணை போதும். ஆறு மாதம் உட்கார்ந்து படித்து இவற்றைத் தாண்டினால் அவன் ஆசை எவ்வளவு ஆழமானது என்பது உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதன்பின் நிலத்தைப் பற்றிப் பேசுவோம்.

வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது பதினெட்டு வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அந்த இருநூறில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் அவனுடையதாக இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் பறந்தது 20 மணி நேரம். அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைல், அதாவது 555 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். தஞ்சையிலிருந்து நேர்க்கோட்டில் சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம் ஏறத்தாழ அவ்வளவு. இரவில் ஐந்து மணி நேரம், பத்து முறை ஏறி பத்து முறை இறங்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது பத்து மணி நேரம்.

இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூட வீண் இல்லை. தனியாகப் போகிற பையன் வழியில் மேகம் திரண்டு நிற்பதைப் பார்க்கிறான். பக்கத்து இருக்கையில் கேட்க ஆள் இல்லை. திரும்புவதா, சுற்றிப் போவதா, அருகில் உள்ள நிலையத்தில் இறங்குவதா? அந்த முடிவை அவன் ஒரு முறையாவது தானே எடுத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் நூற்றெண்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அதை முதல்முறையாக எடுக்கக் கூடாது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஐப்பசி அடைமழையில் ஓடுபாதை முழுதும் தண்ணீர் நின்ற ஒரு நாள், எங்கள் விமானம் ஒன்றும் எழவில்லை. மாலையில் ஒரு மாணவனின் பறப்புப் பதிவேட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று எழுதி என் கையெழுத்துக்காக மேசையில் வைத்தார்கள். நான் போடவில்லை. அந்த மாதத்தோடு அங்கிருந்து விலகினேன். பறக்காத அந்த எண்பது நிமிடத்தை அந்தப் பையன் வாழ்நாள் முழுதும் சுமப்பான் என்பது எழுதியவர்களுக்கு உறைக்கவே இல்லை. 2011இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் பிடிபட்டபோது நாடே அதிர்ந்தது. எனக்கு அந்த மழைநாள்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது எத்தனை விமானம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 200 மணி நேரம் முடித்தார்கள் என்று கேளுங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளைத் தேநீர்க் கடையில் தனியாகச் சந்தித்து அதையே மறுபடி கேளுங்கள்.

நான் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலம் தடுமாறும். விமானி ஆக முடியுமா? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி

முடியும் மகளே. உலக அளவில் விமானிகளின் ஆங்கிலத்தை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் நிலை போதும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது இலக்கிய ஆங்கிலம் அன்று. தெளிவாகச் சொல்வதும், சொன்னதைச் சரியாகக் கேட்டுத் திருப்பிச் சொல்வதும், எதிர்பாராதது நடந்தால் அதை எளிய சொற்களில் விளக்குவதும்தான்.

வானொலியில் பேசும் ஆங்கிலம் உலகத்தில் யார் வீட்டிலும் பேசாத ஆங்கிலம். மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வேண்டும். இரைச்சலில் ஓர் எண் இன்னொன்றாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வகுத்தார்கள். கான்வென்டில் படித்தவனும் உன்னைப் போலவே இதை முதல் நாளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறான். தினமும் காலையில் இருபது நிமிடம் உரக்க வாசி. வாய் பழகிவிடும்.

பூச்சிமருந்து தெளிக்க டிரோன் வாங்கியிருக்கிறோம். என் அக்காள் மகன்தான் இயக்குகிறான். அவனுக்கும் உரிமம் வேண்டுமாமே? – விவசாயி, பாபநாசம்

வேண்டும் ஐயா. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, வயலில் மருந்து தெளிக்கிற அளவுள்ள டிரோனை இயக்குபவரிடம் தொலைவிமானிச் சான்றிதழ் இருக்க வேண்டும். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி. சான்றிதழ் பத்தாண்டு செல்லும். டிரோனுக்கும் தனிப் பதிவு எண் வாங்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம்: தஞ்சாவூரில் விமானப் படைத் தளம் இருக்கிறது. 2020இலிருந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கே நிற்கிறது. உங்கள் வயல் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்த பிறகே டிரோனைக் கிளப்பச் சொல்லுங்கள். முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில்கூட 400 அடிக்கு மேல் போகக் கூடாது. மருந்து தெளிக்கப் பயிருக்கு மேல் ஓர் ஆள் உயரம் போதுமே.

வணிக விமானி உரிமம் வாங்கி இரண்டு ஆண்டாகிறது. வேலை கிடைக்கவில்லை. பயிற்றுநர் தகுதி எடுத்தால் பறப்பு நேரமாவது கூடும் என்கிறார்கள். எடுக்கலாமா? – இளம் விமானி, கும்பகோணம்

தம்பி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘நேரமாவது கூடும்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன்.

முதலில் உதவிப் பயிற்றுநர் தகுதி, அனுபவம் சேர்ந்த பிறகு முழுப் பயிற்றுநர் தகுதி. உதவிப் பயிற்றுநராக இருக்கும்வரை மூத்தவரின் மேற்பார்வையில்தான் கற்றுக்கொடுக்க முடியும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் சரியென்றே படுகிறது. மாணவன் இடது இருக்கையில், நீ வலது இருக்கையில். இதுவரை இடது கையில் பிடித்த சுக்கானை வலது கையில் பிடிப்பாய். எஞ்சின் விசை இடது கைக்கு வரும். ஓடுபாதை சற்றுச் சாய்ந்து தெரியும். முதல் வாரம் உன் இறக்கமே உனக்கு அந்நியமாக இருக்கும்.

அது பழகிவிடும். பழகக் கடினமானது வேறு. மாணவன் தவறு செய்கிறான். உடனே பிடுங்கினால் அவன் ஒருபோதும் கற்க மாட்டான். ஒரு நொடி தாமதித்தால் இருவரும் தரையில். அந்த இடைவெளியில் உன் கை சுக்கானுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, தொடாமல் காத்திருக்க வேண்டும். வேண்டிய கணத்தில் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்ற மூன்று சொல் பதற்றமில்லாமல் வர வேண்டும். என் முதல் ஆண்டில் ஒரு பெண்ணிடம் அதைக் கத்திவிட்டேன். அவள் அடுத்த பத்து நாள் சுக்கானைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தொட்டாள். அவளுடைய கையை மறுபடி உறுதியாக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்தத் தவறு என்னுடையது.

பிறகு ஒரு நாள் காலை, நான்கைந்து சுற்று நன்றாக இறங்கிய பின், விமானத்தை நிறுத்தச் சொல்லி நீ இறங்கிக் கதவைச் சாத்துவாய். உன் மாணவி தனியாக எழுவாள். ஒரே ஒரு சுற்று. ஓடுபாதையோரம் நின்று அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாய். பாரம் குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மேலே போகும். அவள் இறங்கி வந்ததும் மற்றவர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டுவார்கள். என் பெட்டியில் அப்படி முதல் தனிப்பறப்பு முடித்தவர்களின் பெயர்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. எந்த விமான நிறுவனத்தின் சம்பளமும் அந்த நோட்டுக்கு ஈடாகாது என்பதை மனதார எழுதுகிறேன்.

உனக்கு இது வேண்டும் என்று தோன்றினால் எடு. நேரம் சேர்க்க மட்டும் என்றால் வேண்டாம். உன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் நேரத்தை நீ செலவழிப்பாய். முடிவெடுக்கும் முன், பழக்கமான ஒரு பயிற்றுநரிடம் கேட்டு இரண்டு மணி நேரம் வலது இருக்கையில் பறந்து பார்.

வேலை இல்லாத காலத்தில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. உரிமம் இப்போது பத்தாண்டு செல்லும். ஆனால் உன் வயதில் முதல் வகுப்பு மருத்துவச் சான்று பன்னிரண்டு மாதம்தான். உன்னுடையது எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதவில்லை. இன்றே எடுத்துப் பார்.