ஹேமக் கட்டப் போறீங்களா? எதுல கட்டுறீங்கன்னு முதல்ல பாருங்க

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கைதான் ஹேமக். அதில் இரவு தங்குவது பற்றிச் சென்னையில் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் பகுதியை மட்டும் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். வந்ததில் பெரும்பாலானவை ‘எதை வாங்கலாம்?’ என்ற வகை. அதைவிட ‘எதில் கட்டலாம்?’ என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் அந்தக் கேள்விகளுக்கே நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வேளச்சேரி: அக்கா, நல்லா இழுத்து, தொய்வே இல்லாம கட்டினேன். படுத்தா ரெண்டு தோளையும் நெருக்குது, ஒரு பக்கமா கவிழ்த்து விடுற மாதிரி ஆடுது. துணி சின்னதா இருக்கோ?

துணியில் குறை இல்லை. இழுத்துக் கட்டியதுதான் காரணம். ஹேமக் தொய்ந்துதான் தொங்க வேண்டும், குழந்தைக்குத் தூளி கட்டுவது போல. ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டை, அதாவது அகலமான நாடா, கிடைமட்டத்துக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும்.

அளக்க உங்கள் கையே போதும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எல் வடிவில் விரித்து, ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் எந்தச் சாய்வு வருமோ, ஏறக்குறைய அந்தச் சாய்வில் பட்டை இறங்கினால் சரி.

இதில் சௌகரியம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் 30 டிகிரியில் கட்டிப் படுத்தால் ஒவ்வொரு பக்கத்துப் பட்டையிலும் விழும் இழுவை சுமார் 70 கிலோ. அதே ஆள் இழுத்துக்கட்டி 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ. எடை கூடவில்லை, சாய்வு மட்டும்தான் மாறியிருக்கிறது. மரம், பட்டை, கொக்கி எல்லாம் அந்த 200 கிலோவைத் தாங்க வேண்டும்.

படுக்கும்போது நேர்க்கோட்டில் படுக்காதீர்கள். தலையை ஒரு பக்க ஓரத்துக்கும் காலை எதிர்ப்பக்க ஓரத்துக்குமாகக் குறுக்கே சாய்த்துப் படுங்கள். துணி விரிந்து முதுகு ஏறக்குறைய சமமாகிவிடும், தோள் நெருக்கலும் போய்விடும். ஏறும்போது நடுவில் உட்கார்ந்து, பிறகு கால்களைத் தூக்குங்கள். நீங்கள் உட்கார்ந்தபின் துணி நாற்காலி உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போகவே போகாதீர்கள்.

அண்ணா நகர்: மேடம், மொட்டை மாடியில கட்டலாம்னு இருக்கேன். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் தூண், இன்னொரு பக்கம் தண்ணி டேங்க் நிக்கிற செங்கல் தூண். போதுமா?

வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல் தூண் மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கக் கட்டப்பட்டது. ஹேமக் அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சரியாக 30 டிகிரியில் கட்டினால்கூட 70 கிலோ ஆளுக்குப் பக்கவாட்டு இழுவை 60 கிலோ வரும். ஏறி இறங்கும்போதும் ஆட்டும்போதும் அது இன்னும் கூடும். கம்பி இல்லாத செங்கல் தூண் அப்படியே முறிந்து, படுத்திருப்பவரின் தலைமேல் சாயும். இப்படி உயிர் போன சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. டேங்க் தூணாக இருந்தால் மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீரும் சேர்ந்து வரும். கைப்பிடிச் சுவரும் இதே கதைதான், அதற்கு அப்பால் மூன்று மாடிப் பள்ளம் வேறு. பால்கனி கிரில், துணி காயப்போடும் இரும்புக் கம்பம், ஷீட் கூரைக்கு நிறுத்திய மெல்லிய பைப் எதுவும் ஆகாது.

ஆகக்கூடியது, மேல்தளத்தைத் தாங்கி நிற்கும் கம்பி கட்டிய கான்கிரீட் தூண். கார் நிறுத்துமிடத்தில் அப்படி இரண்டு தூண்கள் 12 முதல் 15 அடி இடைவெளியில் கிடைத்தால் பட்டையைச் சுற்றிக் கட்டிப் பழகலாம். மாடியில்தான் படுக்க வேண்டும் என்றால், இரும்புச் சட்டத்தோடு வரும் ஹேமக் ஸ்டாண்ட் வாங்கி, சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். இடத்தை அடைக்கும்தான், ஆனால் எதையும் இழுக்காது.

மயிலாப்பூர்: எங்க வீட்டுக் கூடத்துல பழைய ஊஞ்சல் கொக்கிகள் இருக்கு. தாத்தா காலத்துலேர்ந்து தாங்குது. அதுல மாட்டலாமா?

ஊஞ்சல் சங்கிலி செங்குத்தாகத் தொங்குகிறது. கொக்கி அந்த இழுவைக்குப் பழகியது. ஹேமக் இரண்டு கொக்கிகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகச் சாய்த்து இழுக்கும். பலகையோடு இருக்கும் ஊஞ்சலை அப்படியே ஆடுங்கள், ஹேமக்குக்கு வேறு இடம் பார்ப்போம்.

தாம்பரம்: எந்த மரம் நல்லது, எது கூடாது?

புளி, வேம்பு, மா, புங்கன் என நன்றாக வேர் பிடித்து, பட்டை கட்டும் உயரத்தில் குறைந்தது உங்கள் தொடை பருமன் உள்ள உயிருள்ள மரம் போதும். கையால் தள்ளிப் பாருங்கள். உச்சி அசைந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள்.

முருங்கையில் கட்டவே கூடாது. சடக்கென்று முறியும். கம்பளிப்பூச்சி வேறு வரும். தென்னையின் தண்டு தாங்கும், ஆனால் மேலிருந்து காயும் மட்டையும் விழுவதற்கு நேரம் காலம் கிடையாது. குலை வெட்டிய தோப்பிலும் மட்டை விழும். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, அதாவது முசுறு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பட்டையைச் சுற்றிய சில நிமிடங்களில் அதுவே அவற்றுக்குப் பாலமாகிவிடும்.

குல்மோஹர் எனப்படும் செம்மயில்கொன்றையின் நிழல் அழகுதான், ஆனால் நம்ப முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே வேர் நெருக்கப்பட்டு நிற்கும் நகரத்து மரத்தை நான் எளிதில் நம்புவதில்லை. எந்த மரமானாலும் தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்கினால் அங்கே படுக்கக் கூடாது. காற்றே இல்லாத இரவிலும் அது விழும்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து உள்ளே உயிருள்ள பகுதியைக் காயப்படுத்தும். குறைந்தது ஓர் அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். நைலான் பட்டை எடை ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். இரவு பத்து மணிக்கு ஒன்றரை அடியில் இருந்தவர் விடிகாலையில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

திருவான்மியூர்: ஈ.சி.ஆர். சவுக்குத் தோப்பு எப்படிக்கா? வரிசையா மரம், கடல் காத்து, எல்லாமே செட் ஆகுதே!

பார்க்க அப்படித்தான் இருக்கும். கழிக்காக வளர்க்கும் சவுக்கை நெருக்கமாக நட்டு, சில வருஷத்திலேயே வெட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றும் கைப்பிடி பருமன்தான், நீங்கள் படுத்ததும் இரண்டும் உள்ளே வளையும். தோப்பு யாரோ ஒருவருடைய பயிர் என்பதையும் மறக்கக் கூடாது. உரிமையாளரிடம் கேட்டு, ஓரத்தில் வயதேறித் தடித்து நிற்கும் மரங்கள் இருந்தால் அவற்றில் கட்டுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். கடற்கரைப் பக்கம் டார்ச்சும் மொபைல் வெளிச்சமும் வேண்டவே வேண்டாம். ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ப்பக்கம் நகர்ந்து செத்துப்போகும்.

பெரம்பூர்: என் பையன் போறேன்னு பிடிவாதம் பிடிக்கிறான்மா. பாம்பு பூச்சிக்குப் பயமா இருக்கு.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தரையில் படுப்பதைவிட ஹேமக் மேல். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமல்கூடப் போகலாம். ஒன்றரை அடி உயரத்தில் படுத்திருப்பவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

ஆபத்து இறங்கும்போதுதான். தம்பியிடம் சொல்லுங்கள்: செருப்பையும் ஷூவையும் தரையில் விடாமல் பட்டையில் தொங்கவிட வேண்டும், காலை ஊன்றும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஷூவைத் தட்டாமல் போடக் கூடாது. கடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

பெருங்குடி: கொசுவலை போட்டும் முதுகெல்லாம் கடி. எப்படி உள்ள வருது?

உள்ளே வரவில்லை. கீழே இருந்து துணி வழியாகக் கடிக்கிறது. ஒற்றை அடுக்கு மெல்லிய நைலான் உங்கள் எடையில் இழுபட்டு முதுகோடு ஒட்டியிருக்கும், கொசுவின் ஊசிக்கு அது தடையே இல்லை. உள்ளே ஒரு மெல்லிய பாயோ யோகா மேட்டோ போடுங்கள், அல்லது இரட்டை அடுக்குத் துணி வாங்குங்கள். ஹேமக்கை முழுவதும் சுற்றி மூடும் வலையும் உண்டு. வலையை நடுவில் ஒரு கயிறு கட்டித் தூக்கி நிறுத்துங்கள், உடம்பில் உரசினால் அது வழியாகவும் கடிக்கும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

போரூர்: ஏற்காடு போறோம். ஒரு போர்வை போதுமா?

போதாது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். சென்னையில் முதுகுக்கடியில் ஓடும் காற்று வரம், மலையில் அதுவே குளிரை ஏற்றும். ஸ்லீப்பிங் பேக் போட்டாலும் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கி, சூட்டைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடும். தோளிலிருந்து தொடை வரை ஃபோம் மேட் ஒன்றை அடியில் போடுங்கள். ஹேமக்குக்கு வெளியே கீழ்ப்பக்கம் தொங்கவிடும் மெத்தைப் போர்வை இன்னும் நல்லது, ஆனால் விலை அதிகம்.

கொளத்தூர்: மழை வந்தா?

மேலே பத்துக்குப் பத்து தார்ப்பாய். தண்ணீர் மரத்திலிருந்து பட்டை வழியே ஹேமக்குக்குள் வழியும், அதனால் தார்ப்பாய்க்கு அடியில் இரு பக்கப் பட்டையிலும் ஒரு பருத்தி நூலை முடிந்து தொங்கவிடுங்கள், அது வழியே சொட்டிவிடும். இடி மின்னல் என்றால் மரத்தடியை விட்டு உடனே கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதியவர்கள் போக வேண்டாம். ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு நல்ல மாதங்கள்.

ஆவடி: காட்டுக்குள்ள போய்க் கட்டலாமா?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடு நடக்க முன்பதிவு செய்யலாம், ஆனால் அது நடப்பதற்கான அனுமதி. இரவு தங்க ஏலகிரி, ஜவ்வாது பக்கம் தனியார் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் முன்கூட்டியே கேட்டு, ‘மரத்தில் ஹேமக் கட்டுவோம்’ என்று சொல்லியே இடம் வாங்குங்கள்.

குரோம்பேட்டை: கடைசியா, எவ்வளவு செலவாகும், எதை வாங்கணும்னு சொல்லுங்கக்கா.

இரு முனைகளிலும் மரக்கட்டை வைத்து விரித்த கயிற்று ஹேமக்கை விட்டுவிடுங்கள், எளிதில் குப்புறத் தள்ளும். துணி முனைகள் சேர்த்துக் கட்டப்பட்ட, 10 அடிக்குக் குறையாத வகை வாங்குங்கள். நீங்கள் ஆறடிக்குப் பக்கம் என்றால் 11 அடி. துணியில் மிச்சம் பிடித்துப் பட்டைக்கும் கொக்கிக்கும் செலவழியுங்கள். அவற்றில் தாங்கும் எடை அச்சிட்டிருக்க வேண்டும், சாவிக்கொத்துக் கொக்கி போன்ற அலங்காரக் கேரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கூடாது. ஒவ்வொரு முறை கட்டும் முன்னும் பட்டையின் தையலை விரலால் தடவிப் பாருங்கள், நூல் பிரிந்திருந்தால் அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.