ஸ்மார்ட் மீட்டர் அனுப்பும் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் அளவை எழுதிவிட்டுப் போகிறார். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திவிட்டால் அளவு தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. மீட்டர் இருக்கும் மாடிப்படிக்குக் கீழே செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைப்பதில்லை. அப்படியானால் அளவு எப்படிப் போய்ச் சேரும்? சிக்னல் இல்லாத நாட்களுக்கு உத்தேசமாகக் கணக்குப் போட்டுவிடுவார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சிக்னல் கிடைக்காத நாட்களில் நீங்கள் செலவழித்த யூனிட் தொலைந்துபோவதும் இல்லை, கூடிவிடுவதும் இல்லை. மீட்டருக்குள் அளக்கும் பகுதி வேறு, செய்தி அனுப்பும் பகுதி வேறு. அளக்கும் பகுதி, வண்டியில் ஓடும் கிலோமீட்டர் கணக்கைப் போல, பொருத்திய நாளிலிருந்து ஓடிய மொத்த யூனிட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும். செய்தி அனுப்பும் பகுதி அந்த எண்ணை எடுத்துச் செல்கிறதே தவிர, அதை மாற்றுவதில்லை.

இந்தியாவில் வீடுகளுக்கான ஸ்மார்ட் மீட்டர்கள் ஐ.எஸ். 16444 என்ற தரநிலையின்படி தயாராகின்றன. அவை எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை ஐ.எஸ். 15959 தரநிலையின் இரண்டாம் பகுதி வரையறுக்கிறது. உலகின் பல நாடுகள் பயன்படுத்தும் டி.எல்.எம்.எஸ். என்ற நெறிமுறைதான் அதற்கும் அடிப்படை. இதில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. மீட்டரின் திரையில் 1.8.0 என்ற எண்ணுடன் ஓர் அளவு வந்து போனால், அது நீங்கள் வாங்கிய மொத்த யூனிட் என்று பொருள். எந்த நிறுவனம் தயாரித்த மீட்டராக இருந்தாலும் மையக் கணினி அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதே அளவுதான் வரும்.

வழியைப் பொறுத்தவரை, உங்கள் வைஃபை தேவையே இல்லை. இரண்டு ஏற்பாடுகள் இங்கே பரவலாக உள்ளன. ஒன்றில், மீட்டருக்குள்ளேயே ஒரு சிம் இருந்து, செல்போன் கோபுரம் வழியாக நேரே பேசும். மற்றொன்றில், மீட்டர்கள் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவைப்படாத வானொலி அலைவரிசையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. உங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள மீட்டர் எதிர்வீட்டு மீட்டரிடம் கொடுக்க, அது அடுத்த வீட்டு மீட்டரிடம் கொடுக்க, இப்படிக் கைமாறித் தெருமுனைக் கம்பத்தில் உள்ள சேகரிப்புப் பெட்டிக்குச் செய்தி போய்ச் சேரும். அங்கிருந்து செல்போன் வலைப்பின்னலோ கண்ணாடியிழைக் கம்பியோ அதை மையத்துக்குக் கொண்டுபோகும். வீடுகள் நெருங்கி இருக்கும் தெருக்களில், சிக்னல் எட்டாத மூலைகளுக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். தனித்து நிற்கும் தோட்டத்து வீட்டுக்கு சிம்தான் ஏற்றது.

மையத்தில் முதலில் செய்தியைப் பெறுவது ஹெட் எண்ட் சிஸ்டம் எனப்படும் கணினி. மீட்டர்களை அழைப்பது, கேட்பது, கட்டளையிடுவது எல்லாம் அதன் வேலை. பெற்றதை அது எம்.டி.எம். எனப்படும் மீட்டர் தகவல் மேலாண்மைக் கணினியிடம் ஒப்படைக்கும். அங்கேதான் அளவு முறையாக இருக்கிறதா, நேற்றைய எண்ணைவிடக் குறைந்திருக்கிறதா, விட்டுப்போன இடம் உண்டா என்றெல்லாம் சரிபார்க்கப்படுகிறது. அதன் பிறகே பில் போடும் கணினிக்குக் கணக்கு போகும். பொதுவாக அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பதிவான அளவும், நள்ளிரவு 12 மணிக்குப் பதிவான மொத்த அளவும் இப்படிச் செல்கின்றன.

உத்தேசக் கணக்கு பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. விட்டுப்போன அளவை மதிப்பிட்டு நிரப்பும் வசதி எம்.டி.எம். கணினியில் உண்டு என்பது உண்மை. ஆனால், பில் நாளன்று நள்ளிரவு ஓடியிருந்த எண்ணை மீட்டர் தனியாகத் தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. நான்கு நாள் கழித்துச் சிக்னல் கிடைத்தாலும் மையத்துக்குப் போவது அந்த நள்ளிரவு எண்தான். சிக்னலே கிடைக்காவிட்டால் ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியை மீட்டரின் முகப்பில் பொருத்தி அதே பதிவை எடுக்கலாம். ஆகவே, உத்தேசத்தில் போட்ட பில் வந்தால், “பில் நாள் நள்ளிரவுப் பதிவு என்ன?” என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மீட்டருக்குள் விடை இருக்கிறது.

கேள்வி: மீட்டருக்குள் இருக்கும் சிம்முக்கு மாதாமாதம் யார் ரீசார்ஜ் செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் அல்ல. மீட்டரைப் பொருத்திப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனமோ, மின் விநியோக நிறுவனமோதான் அதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய திட்டத்தில், ஒப்பந்த நிறுவனமே முதலீடு செய்து, மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று விநியோக நிறுவனத்திடம் பணம் பெறும் முறை வகுக்கப்பட்டது. சிம்முக்கென்று வீட்டு வாசலில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் கணக்கெடுக்க வருபவர் சில முறை 60 நாளைத் தாண்டி, 65 அல்லது 68-ஆம் நாள் வருகிறார். அதனால் 480 யூனிட்டில் நிற்க வேண்டிய எங்கள் கணக்கு 500-ஐத் தாண்டிவிடுகிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இதற்கு விடிவு உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. தமிழ்நாட்டு வீட்டு நுகர்வோருக்கு ஸ்மார்ட் மீட்டரால் கிடைக்கக்கூடிய மிகத் தெளிவான நன்மை இதுதான் என்பது என் கருத்து. இங்கே இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு ஒரு கட்டணம். 500-ஐத் தாண்டிவிட்டால் அதே 100 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட இருமடங்கு. தாண்டிய யூனிட்டுகளுக்கு உயர்ந்த கட்டணம் தனி. ஊழியர் தாமதித்த எட்டு நாட்களுக்கு நுகர்வோர் சில நூறு ரூபாய் அபராதம் கட்டுவதுபோல ஆகிவிடுகிறது.

ஸ்மார்ட் மீட்டரில் பில் நாள் முன்கூட்டியே நிரல்படுத்தப்பட்டிருக்கும். குறித்த நாள் நள்ளிரவு மணி 12 அடித்தவுடன் எண் பதிவாகிவிடும். மழை, விடுமுறை, ஆள் பற்றாக்குறை எதுவும் அதைத் தள்ளிப்போடாது. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தமும், ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும் என்கிறது. ஆகவே 45-ஆம் நாளிலேயே எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று செயலியில் பார்த்து நீங்கள் திட்டமிடவும் முடியும். சென்னை தியாகராய நகர்ப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளன. உங்கள் ஊருக்கு வரும்வரை, கணக்கெடுக்க வேண்டிய நாளன்று மீட்டரைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமான பில்லை எதிர்த்துப் புகார் எழுதும்போது அந்தப் படம் உதவும்.

கேள்வி: வட மாநிலம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டில் முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது. இருப்பு தீர்ந்து மின்சாரம் நின்றது. உடனே பணம் கட்டியும் இரண்டு மணி நேரம் வரவில்லை. பணம் கட்டியது மீட்டருக்குத் தெரியாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தெரியாது என்பதுதான் உண்மை. செல்போன் இருப்பைப் போல மீட்டருக்குள் பணம் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். இந்தியாவில் பரவலாக உள்ள அமைப்பில் இருப்புக் கணக்கு மையக் கணினியில்தான் இருக்கிறது. மையம் ஒவ்வொரு நாளும் யூனிட்டைப் படித்து, இருப்பிலிருந்து கழித்து, தீர்ந்ததும் “துண்டி” என்று கட்டளை அனுப்பும். மீட்டருக்குள் உள்ள ரிலே என்ற சுவிட்ச் திறந்து, மின்சாரம் நின்றுவிடும். உங்கள் மகன் பணம் கட்டியபோது அது வங்கியிலிருந்து பில் கணினிக்கும், அங்கிருந்து ஹெட் எண்ட் சிஸ்டத்துக்கும் போய், அதன் பிறகு “இணை” என்ற கட்டளை மீட்டருக்கு வந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே தடை வந்தாலும் வீடு இருளில்தான் இருக்கும். அடுத்த முறை புகார் செய்யும்போது பணம் கட்டிய நேரத்தையும் மின்சாரம் வந்த நேரத்தையும் சேர்த்துக் குறிப்பிடச் சொல்லுங்கள். கட்டளை எப்போது அனுப்பப்பட்டது, மீட்டர் எப்போது ஏற்றது என்ற பதிவு மையத்தில் இருக்கும். பணம் கட்டியவருக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாததைச் சிறு தடங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

கட்டளையே தவறாகப் போனதும் நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 12 அன்று, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் தவறான துண்டிப்புக் கட்டளையால் மின்சாரம் நின்றுபோனது. அதன் பின் அங்கே புதிய மீட்டர்கள் பொருத்தும் பணி சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. அளவைப் படிக்கும் அதிகாரத்தையும் துண்டிக்கும் அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது என்பதை அந்த நாள் காட்டியது. தரநிலையிலும் படிக்க மட்டும் அனுமதியுள்ள இணைப்பும் அமைப்பை மாற்ற அனுமதியுள்ள இணைப்பும் தனித்தனியாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரிவினையை நிர்வாகத்திலும் கடைப்பிடிக்கிறார்களா என்று நுகர்வோர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: என் வீட்டு அளவு பக்கத்து வீட்டு மீட்டர் வழியாகப் போகிறது என்றால், அவர்கள் அதைப் பார்த்துவிட முடியுமா? நாங்கள் ஊரில் இல்லாத நாட்கள்கூடத் தெரிந்துவிடுமே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பக்கத்து வீட்டு மீட்டர் மூடிய உறையைக் கைமாற்றுகிறதே ஒழிய, பிரித்துப் படிக்க அதனால் முடியாது. செய்தி ஏ.இ.எஸ். 128 என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் இருப்பதால், பழைய கட்டளை ஒன்றை ஒட்டுக்கேட்டு வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பினாலும் மீட்டர் ஏற்காது.

எனக்குக் கவலை தருவது வழியைவிட மையம்தான். எந்தக் கருவி ஓடுகிறது என்று மீட்டருக்கு நேரடியாகத் தெரியாது. ஆனாலும் அரைமணிக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால் வீட்டில் ஆள் இருந்த நேரம் ஓரளவு புலப்படும். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரத்து வழக்கில் 2018-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைச் சேகரிப்பது வீட்டுக்குள் நடத்தும் சோதனைக்குச் சமம் என்று சொன்னது. மின் விநியோகத் தேவைக்காகச் செய்யப்படுவதால் அதை நியாயமானது என்றும் ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மேல் அந்தத் தகவலை வேறு யாருக்கும் கொடுப்பதை நாம் அனுமதிக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் கீழ்த்தளம், மேல்தளம் என்று இரண்டு இணைப்புகள். புது மீட்டர் மாற்றியதிலிருந்து கீழ்த்தளத்தில் யூனிட் மிகவும் கூடிவிட்டது. அலுவலகத்துக்கு அளவு போகும் வழியில் ஏதோ குளறுபடி என்று நினைக்கிறேன். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: மீட்டர் திரையில் உள்ள மொத்த யூனிட்டும் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். செயலியில் தெரிவது பெரும்பாலும் நேற்று நள்ளிரவின் அளவு என்பதால், இன்று பகலில் திரை சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. இரண்டும் ஒத்துப்போனால் வழியில் குளறுபடி இல்லை. காரணத்தை வீட்டுக்குள் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் “இரண்டு இணைப்புகள்” என்று படித்ததும் எனக்கு நியூட்ரல் கம்பிதான் நினைவுக்கு வந்தது. இங்கே ஒற்றை பேஸ் மீட்டர்கள், திருட்டைக் கண்டுபிடிக்க, பேஸ் கம்பியிலும் நியூட்ரல் கம்பியிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தனித்தனியாக அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒழுங்கான வயரிங்கில் இரண்டும் சமமாகவே இருக்கும். ஆனால் பழைய வீடுகளில் மேல்தளம் கட்டும்போது, எலக்ட்ரீஷியன் கீழ்த்தள நியூட்ரலிலேயே மேல்தளத்து விளக்கையும் மோட்டாரையும் இணைத்திருப்பார். நியூட்ரலை அளக்காத பழைய மீட்டருக்கு அது தெரியாது. புது மீட்டரோ மேல்தளத்து மின்னோட்டத்தையும் கீழ்த்தளக் கணக்கில் எழுதும். மேல்தள மீட்டரும் தன் பேஸ் கம்பியில் அதையே எழுதும் என்பதால், ஒரே மின்சாரத்துக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். இதைச் சோதிப்பது எளிது. கீழ்த்தளத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேல்தளத்தில் மட்டும் ஃபேனையும் மோட்டாரையும் ஓடவிட்டு, கீழ்த்தள மீட்டரில் யூனிட் ஓடும்போது மினுங்கும் சிறு துடிப்பு விளக்கைப் பாருங்கள். அது மினுங்கினால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து இரு தளங்களின் நியூட்ரலையும் பிரித்துவிடுங்கள்.

அதுவும் காரணம் இல்லை என்றால், மீட்டர் அதிகம் ஓடுகிறது என்று எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமைகள் விதிகளின்படி, பதிவாகும் அளவு உண்மையான செலவோடு பொருந்தவில்லை என்று நீங்கள் புகார் செய்தால், ஐந்து நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாரின் தேதியிட்ட ஒப்புகையை வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த ஐந்து நாட்கள் புகார் கிடைத்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும். மீட்டர் மாற்றிய அன்று பழைய மீட்டரின் கடைசி எண்ணும் புது மீட்டரின் தொடக்க எண்ணும் குறித்த தாளின் நகல் உங்களிடம் இல்லை என்றால், அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டு மாதக் கணக்கின் நடுவில் மீட்டர் மாறியிருந்தால், முதல் பில்லில் பழைய மீட்டரின் கணக்கும் சேர்ந்தே வந்திருக்கும். அந்தத் தாள் இல்லாமல் அதைப் பிரித்துச் சரிபார்க்க வழியில்லை.