மிக்ஸர் குழாயில் வெந்நீர் வருவதே இல்லை. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் சரியாகுமா?

போடலாம். ஆனால் அதனால் மட்டும் ஷவரில் வெந்நீர் வந்துவிடாது. பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறீர்கள், கீசருக்கு மேல்தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். என்.ஆர்.வி., அதாவது நீங்கள் கேட்ட நான்-ரிட்டர்ன் வால்வு, ஒரு வழிக் கதவு. வெந்நீர் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் புகாமல் அது தடுக்கும். வலுவில்லாத வெந்நீருக்கு வலுவைக் கொடுக்க அதற்குத் தெரியாது.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 4 மீட்டர் மேலே இருந்தால் வெந்நீர்ப் பக்கம் 0.4 பார். பம்ப் பக்கம் 2 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மடங்கு. இரண்டும் மிக்ஸருக்குள் சந்திக்கின்றன. வெளியேற இருப்பதோ ஷவரின் பொடித் துளைகள். உள்ளே அழுத்தம் 0.4 பாரைத் தாண்டிய உடனே வெந்நீர் நின்றுவிடும். பச்சைத் தண்ணீர் அந்த வழியாகவே திரும்பி ஏறவும் தொடங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டிலும் இதே அமைப்புதான். கைஷவரின் பொத்தானை அழுத்தித் தண்ணீரை நிறுத்திவிட்டு, மிக்ஸர் கைப்பிடியைத் திறந்தபடியே விட்டுவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். எந்தக் குழாயும் திறக்காத நடுராத்திரியில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ கசிகிறது என்று சுவரையெல்லாம் தடவிப் பார்த்தோம். வந்து பார்த்த பிளம்பர், மிக்ஸருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் பார்த்தால், பம்ப் தள்ளிய தண்ணீர் மிக்ஸர் வழியாக வெந்நீர் குழாயில் புகுந்து, கீசரைக் கடந்து, மேல்தொட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து மறுபடி பம்புக்கு. கீசரும் தன் பங்குக்கு ராத்திரி முழுக்கச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாயில் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இதுதானா என்று பார்க்கப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கீசரின் சுவிட்சை அணைத்து, அதற்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பிறகு ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சிறிது வடிந்து நின்றுபோனால் இரண்டு தண்ணீரும் உள்ளே கலக்கவில்லை. நிற்காமல் வந்தால், வேறு ஏதோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் இந்தப் பக்கம் தாவுகிறது. மிக்ஸர்களுக்குத் தண்ணீர் வரும் வழியில் உள்ள சின்ன மூடும் வால்வுகளை, அதாவது ஆங்கிள் காக்குகளை, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ, அதுதான் ஆள்.

நிலையான தீர்வு, இரண்டு தண்ணீரையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பது. பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் ‘டீ’ என்கிற மூன்று வாய் இணைப்பைப் போட்டு ஒரு கிளையைக் கீசருக்கும் கொடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். அதற்கு முன் கீசரின் தகட்டில் அது தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். தாங்காத கீசர் என்றால், பச்சைத் தண்ணீரையும் தொட்டியிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். ஷவர் கொஞ்சம் மெதுவாகத்தான் கொட்டும், ஆனால் சூடு நிலையாக இருக்கும். பிரஷர் குறைக்கும் வால்வைப் பலர் சொல்வார்கள். 4 பாரை 2 ஆக்க அது அருமையான சாமான், 0.4 பாருக்கு இறக்க அதை நம்ப மாட்டேன்.

ஆங்கிள் காக்கைப் பாதி மூடிச் சமாளிக்கலாமே என்றால், ஓரளவுக்குத்தான். தண்ணீர் ஓடும்போது மட்டுமே அது அழுத்தத்தைக் குறைக்கும். ஓட்டம் நின்றதும் முழு அழுத்தமும் மறுபக்கம் வந்து நிற்கும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்து, வெந்நீர் குழாய் மட்டும் நீளமாக, வளைவுகளோடு இருந்தால், பச்சைத் தண்ணீர்ப் பக்கத்து ஆங்கிள் காக்கைக் கால் சுற்று மூடிவைப்பது நல்ல வேலைதான்.

இப்போது என்.ஆர்.வி.க்கு வருவோம். மிக்ஸருக்குள் நுழையும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். கதவு போல மடியும் ஸ்விங் வகையைக் கிடைக்குழாயிலோ, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் குழாயிலோதான் மாட்டலாம். ஸ்பிரிங் வகை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும், ஆனால் ஸ்பிரிங்கைத் தள்ளவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும். தொட்டித் தண்ணீரில் இருக்கும் 0.4 பாரில் அது தெரியும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கீசரின் நுழைவில் என்.ஆர்.வி. வைத்தால், சூடேறி விரியும் தண்ணீர் தொட்டிப் பக்கம் திரும்பிப் போக முடியாது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் ஒன்றரை சதவீதம் விரியும். 25 லிட்டர் கீசரில் அது 350 மில்லிக்கு மேல். அது வெளியேறச் சேஃப்டி வால்வு வேண்டும். அந்த வால்வுக்கும் கீசருக்கும் நடுவே மூடும் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிடவும் கூடாது. சூடேறும்போது சொட்டுவதுதான் அதன் வேலை.

அப்புறம், வேலை முடிந்ததும் மிக்ஸரை உடனே மாட்டிவிடாதீர்கள். இரண்டு குழாய்களையும் ஒரு வாளிக்குள் திறந்துவிட்டு நன்றாக ஓடவிடுங்கள். டெஃப்லான் டேப் துணுக்கும் குழாய் அறுத்த தூளும் கார்ட்ரிட்ஜில் மாட்டினால் கைப்பிடியைச் சரியாக மூடினாலும் ஒழுகும். என்.ஆர்.வி.யின் வாயில் மாட்டினால் அது மூடவே மூடாது, மறுபடி ராத்திரியில் பம்ப் பாட ஆரம்பிக்கும்.